வன்னியில் ஆமை வளர்ப்பு: குறைந்த வருமானக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கத்தில் ஆமை பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் இரண்டு வகை உண்டு. வளவுக்குள் வந்த ஆமையை என்ன செய்வது என்பது ஒன்று. கடையில் வாங்கிய, அல்லது ஊரை விட்டுப் போகிறவர்கள் தந்துவிட்டுப் போன ஆமையைக் கையைக் கடிக்காத செலவில் எப்படிப் பார்ப்பது என்பது மற்றது. முதல் வகைக்கான பதில் பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

காணி துப்புரவாக்கும்போது நட்சத்திர ஆமை ஒன்று கிடைத்தது. பிள்ளைகள் விடவே மாட்டோம் என்கிறார்கள். வைத்திருக்கலாமா?

கூடாது. நட்சத்திர ஆமை இலங்கையின் உலர் வலயத்துக்குச் சொந்தமான காட்டு உயிர். 1937 ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அதைப் பாதுகாக்கின்றன. அனுமதி இல்லாமல் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். "நான் விலைக்கு வாங்கவில்லை, அது தானாக வந்தது" என்ற விளக்கம் நீதிமன்றத்தில் எடுபடாது.

அருகிவரும் உயிர்களின் நாடுகளுக்கிடையிலான வியாபாரத்தைக் கட்டுப்படுத்துவது சைட்டிஸ் உடன்படிக்கை. 2019 இல் இந்த ஆமை அதன் முதலாம் பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. அதன் பிறகு, காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்பதற்கு வழியே இல்லை. அந்த முடிவை எடுத்த மாநாடு கொழும்பில் நடக்க இருந்தது. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளால் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. தமிழ்நாட்டுக் கரைக்கும் மன்னார்க் கரைக்கும் இடையில் படகுகளில் கடத்தப்படும் ஆமைகள் அவ்வப்போது பிடிபடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். "ஆமை இருந்தால் சொல்லுங்கள், நல்ல விலை தருகிறோம்" என்று ஊருக்குள் விசாரித்துத் திரிபவர்கள் பெரும்பாலும் அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிகள்.

ஊரில் எத்தனையோ வீடுகளில் வைத்திருக்கிறார்களே?

வைத்திருக்கிறார்கள். எப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு முறை கிட்டப் போய்ப் பாருங்கள். ஓட்டின் பின் விளிம்பில் துளை போட்டு, கட்டுக்கம்பியை நுழைத்து, முருங்கை மரத்தோடு கட்டியிருப்பார்கள். கம்பி உரசி உரசித் துளை ஒரு பக்கமாக நீண்டிருக்கும். அதைச் சுற்றி ஓடு வெளிறி, விரலால் அழுத்தினால் மெல்ல அமுங்கும். கயிறு எட்டுகிற தூரத்துக்கு மண் வட்டமாகத் தேய்ந்து புல் இல்லாமல் கிடக்கும்.

ஆமையின் ஓடு கழற்றி மாட்டும் கவசம் அல்ல. அதன் முதுகெலும்பும் விலா எலும்புகளும் சேர்ந்து வளர்ந்ததுதான் ஓடு. அதற்கு இரத்த ஓட்டம் உண்டு, உணர்வும் உண்டு. அதில் துளை போடுவது எலும்பில் துளை போடுவதே. பத்து வீட்டில் செய்வதால் அது சரியாகிவிடாது.

சரி, கிடைத்த ஆமையை எங்கே விடுவது?

கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே, பற்றை உள்ள நிழலில் விடுங்கள். நல்ல காடாகப் பார்த்து விடுவோம் என்று மோட்டார் சைக்கிளில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டு போக வேண்டாம். ஆமைக்குத் தன் இடம் தெரியும். தெரியாத இடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி அலையும், அலையும்போது வீதியில் அடிபடும்.

அதைவிட மோசமானது, ஆமை என்றால் தண்ணீரில்தானே இருக்கும் என்று குளத்தில் போடுவது. நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, நீந்தத் தெரியாதது. குளத்தில் போட்டால் மூழ்கிச் செத்துப் போகும். கால்களைப் பாருங்கள்: விரல்களுக்கு இடையே சவ்வு இல்லாமல் யானைக்கால் போலத் தடித்திருந்தால் அது தரையாமை.

ஏ9 வீதியிலோ பரந்தன் முல்லைத்தீவு வீதியிலோ ஆமை கடப்பதைக் கண்டால், அது எந்தப் பக்கம் நோக்கிப் போகிறதோ அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுங்கள். வந்த பக்கம் திருப்பி விட்டால் மறுபடியும் கடக்கத்தான் பார்க்கும். இரண்டு கையாலும் நடு ஓட்டைப் பிடித்து, நிலத்தோடு ஒட்டினாற்போலத் தூக்குங்கள். தூக்கியதும் சீறிக்கொண்டு தலையை இழுத்து, சிறுநீர் கழிக்கும். அது கோபத்தில் செய்வதல்ல. கோடையைத் தாண்டுவதற்காக உடம்பில் சேமித்து வைத்திருந்த தண்ணீர், பயத்தில் போகிறது. ஆடி மாதத்தில் அந்தத் தண்ணீர் போனால் திரும்பச் சேர்ப்பதற்கு மழை வர வேண்டும். படம் எடுப்பதற்காகக் கை மாற்றி மாற்றித் தூக்காதீர்கள்.

ஓடு உடைந்திருந்தாலோ, தீயில் கருகியிருந்தாலோ வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆட்கள் வரும்வரை காற்றோட்டமான அட்டைப் பெட்டியில், நிழலில், நாய் எட்டாத இடத்தில் வைத்தால் போதும். காயத்துக்கு எண்ணெய், மண்ணெண்ணெய், சாம்பல் எதுவும் பூச வேண்டாம்.

பாலாமை, கடலாமைக் குஞ்சு இவற்றுக்கும் இதே சட்டமா?

ஆம். குளத்திலும் வயல் வாய்க்காலிலும் காணும் பாலாமை, கறுத்த ஓட்டு நன்னீர் ஆமை, முல்லைத்தீவுக் கரையில் ஏறும் கடலாமைகள் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. கடலாமைக் குஞ்சை வாளியில் வைத்துப் பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதும் குற்றத்தில் அடங்கும்.

வீட்டில் வைக்காமல், ஆமை நம் வளவுக்கு வந்துபோகச் செய்ய முடியுமா?

முடியும். வன்னியில் ஆமை மீது ஆசை உள்ளவர்களுக்கு இதைவிட மலிவான வழி இல்லை. செலவு கிட்டத்தட்டப் பூச்சியம், குற்றமும் இல்லை, தினமும் தொட்டி கழுவவும் வேண்டாம்.

காணியின் ஒரு மூலையைத் துப்புரவாக்காமல் விடுங்கள். ஈச்சம் பற்றை, சூரை, காரை, நாகதாளி என்று தானாக முளைத்தது அப்படியே நிற்கட்டும். அடியில் சருகு கிடக்க வேண்டும். பகல் வெயிலில் ஆமை அதற்குள்தான் படுத்திருக்கும். கோழி வலையோ தகரமோ நிலத்தோடு இறுக்கி அடித்த வேலியில் அங்கங்கே ஒரு சாண் உயரத்துக்கு இடைவெளி விடுங்கள். பழைய மண்சட்டியின் அடிப்பாகத்தை விளிம்புவரை நிலத்தில் புதைத்து, இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தால் ஆமைக்கும் ஆகும், புலுனிக் குருவிக்கும் ஆகும். புல், உதிர்ந்த பூ, விழுந்த பழம் ஆகியவை அதன் சாப்பாடு. நாவல் மரமோ பாலை மரமோ நின்றால் பழக்காலத்தில் நீங்கள் கூப்பிடவே தேவையில்லை. தினமும் சோறு வைத்துப் பழக்க வேண்டாம். அது ஆமைக்கு ஒத்துக்கொள்ளாது, ஊர் நாய்களையும் கூட்டி வரும்.

இரண்டு ஆபத்துகளை நீங்களே குறைக்கலாம். ஒன்று துரவு. கட்டு இல்லாத தோட்டக் கிணற்றில் விழுந்த தரையாமை ஏற முடியாது. சுற்றிவர ஓர் அடி உயரத்துக்குக் கல் அடுக்கினால் போதும், குழந்தைகளுக்கும் பாதுகாப்பு. மற்றது தீ. மாரிக்கு முன்னர் காணி துப்புரவாக்கும்போது குப்பையைக் குவித்து, சில நாள் விட்டு, பிறகு அப்படியே கொளுத்துகிறோம். குவியல் கிடக்கும் நாள்களில் ஆமை அதை நல்ல நிழல் என்று நினைத்து உள்ளே போய்ப் படுத்துவிடும். கொளுத்தும் நாள் காலையில் குவியலை ஒரு முறை புரட்டிப் போடுங்கள். பெக்கோ பிடித்துக் காடு வெட்டுவதாக இருந்தால், இயந்திரம் இறங்குவதற்கு முன்பு நாலு பேராகப் பற்றைகளுக்குள் நடந்து பாருங்கள்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று அம்மம்மா சொல்கிறாரே?

அமீனா புகுந்த வீடும் என்று அந்தப் பழமொழியில் இன்னொரு பாதி உண்டு. அமீனா என்றால் கடனுக்காகச் சொத்தைப் பறிக்க வரும் நீதிமன்ற ஊழியர். கடன் பற்றிய அந்தப் பாதிதான் இன்றைய வன்னிக்குக் கூடப் பொருந்தும். கூர்மாவதாரத்தைக் கும்பிடுகிற வீட்டில் ஆமையைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று அம்மம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆமையை வீட்டுக்குள் வைக்காதே என்பதில் அவரும் சட்டமும் ஒரே பக்கம்.

அப்படியானால் கடையில் விற்கும் சின்னப் பச்சை ஆமை?

அது செங்காது ஆமை. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகைதான் அதன் சொந்த ஊர். அலங்கார மீன் கடைகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சாக விற்கிறார்கள். கடையில் கிடைக்கிறது என்பதற்காக எல்லாம் ஒழுங்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டு உயிர்களை இறக்குமதி செய்வதற்கும் அனுமதி முறை உண்டு. கடையில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள், அருகிலுள்ள வனசீவராசிகள் அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டுத் தர மறுக்கும் கடையில் மீன்கூட வாங்காதீர்கள்.

கடைக்காரர் சொல்லாத விடயங்கள் இரண்டு. அந்தக் குஞ்சு சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வளரும். பெண் ஆமை 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை நீளும். ஒழுங்காகப் பார்த்தால் 20, 30 வருடம் வாழும். இன்று கேட்டு அழுகிற பிள்ளை கலியாணம் முடித்துப் போன பிறகும் தொட்டி கழுவப் போவது நீங்கள்தான். என்னைக் கேட்டால், புதிதாகக் குஞ்சு வாங்காதீர்கள். ஏற்கெனவே ஒரு வீட்டில் இருந்து, பார்க்க ஆள் இல்லாமல் போன ஆமையைப் பொறுப்பெடுப்பதுதான் காசுக்கும் நல்லது, ஆமைக்கும் நல்லது.

கனடா போகும் மைத்துனர் தன் செங்காது ஆமையை எங்களிடம் தருவதாகச் சொல்கிறார். எதைப் பார்த்து ஏற்பது?

கண் இரண்டும் திறந்து தெளிவாக இருக்க வேண்டும். வீங்கி மூடியிருந்தால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவு. ஓட்டை மெல்ல அழுத்திப் பாருங்கள். வளர்ந்த ஆமையின் ஓடு கல்லுப் போல இருக்க வேண்டும். அமுங்கினாலும் நாறினாலும் நோய். தண்ணீரில் விட்டால் இரண்டு பக்கமும் சமமாக நீந்த வேண்டும். ஒரு பக்கம் சரிந்து மிதந்தால் நுரையீரலில் தொற்று இருக்கலாம்.

நோயுள்ளதை ஏற்கவே கூடாது என்று சொல்லவில்லை. வைத்தியச் செலவு யாருடையது என்று மைத்துனரோடு முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தொட்டி, மீதித் தீனி, வலை எல்லாவற்றையும் ஆமையோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். விமானத்தில் ஏறுகிறவருக்கு அவை தேவைப்படாது, கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

கண்ணாடித் தொட்டி வாங்க வசதி இல்லை. வேறு என்ன செய்யலாம்?

வசதி இருந்தாலும் வாங்காதீர்கள். வன்னிக்கு ஏற்றது, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இறக்குகிற சீமெந்து வளையம். வீட்டுத்திட்டங்கள் நடந்த ஊர்களில் வெடிப்பு விழுந்து ஒதுக்கிய வளையம் ஒன்று எங்காவது கிடக்கும். நான்கு அடி விட்டமுள்ள வளையத்தை மட்டமான இடத்தில் வைத்து, அடிக்குக் கொங்கிறீற் போட்டு, ஓர் அடி ஆழத்துக்குத் தண்ணீர் விட்டால் 300 லீற்றருக்கு மேல் பிடிக்கும். வளர்ந்த ஆமை ஒன்றுக்கு அது போதும். பெரிய பெண் ஆமை என்றால் ஐந்தடி வளையம் பாருங்கள்.

புதுச் சீமெந்துத் தண்ணீரில் சுண்ணக்காரம் ஊறும், அது ஆமையின் கண்ணையும் தோலையும் அரிக்கும். மீன் தொட்டிக்குச் செய்வதுபோல வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊற விடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குத் தண்ணீரை அடிக்கடி மாற்றி, நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகு ஆமையை விடலாம். அடிக்கொங்கிறீற் போடும்போதே ஒரு குழாயை மூடியோடு வைத்துவிட்டால், பிறகு வாளியால் அள்ளி முதுகு ஒடியத் தேவையில்லை.

நடுவில் இரண்டு மூன்று கல் அடுக்கி, தண்ணீருக்கு மேலே காய்ந்த மேடு ஒன்று வேண்டும். ஆமை அதில் ஏறி முழுதாக உலர வேண்டும். சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். அடுக்கினால் அதையே படியாக்கி வெளியே போய்விடும். மேலே பாதிக்குக் கிடுகு, மீதிப் பாதிக்குக் கம்பி வலை. காகம், கீரி, உடும்பு மூன்றும் வன்னியில் இல்லாத வளவு இல்லை.

குஞ்சாக இருந்தால், பிளாஸ்டிக் பரலை நீளவாக்கில் பிளந்த பாதி சில வருடத்துக்குத் தாங்கும். ஆனால் அதை வெயிலில் தனியே விடாதீர்கள். சித்திரை வெயிலில் சின்னப் பாத்திரத்துத் தண்ணீர் மதியத்துக்குள் கொதித்துவிடும். கையை வைத்தால் சுடுகிறது என்ற நிலைக்கு வருவதற்கு முன்பே ஆமை செத்திருக்கும்.

மின்குமிழ், சூடாக்கி, வடிகட்டி எல்லாம் வேண்டும் என்கிறார்களே?

குளிர் நாட்டுப் பட்டியல் அது. ஓட்டுக்குத் தேவையான புறஊதாக் கதிர் கிளிநொச்சி வெயிலில் இலவசமாகக் கிடைக்கிறது. தொட்டி வெளியே இருந்து, காலை வெயில் நேரே பட்டால் குமிழ் வேண்டாம். கண்ணாடி யன்னலுக்குள்ளால் வரும் வெயில் கணக்கில் சேராது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சூடாக்கியும் வேண்டாம். வடிகட்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் கிழமைக்கு ஒரு முறை பாதித் தண்ணீரையும், நாறத் தொடங்கினால் முழுவதையும் மாற்றுங்கள். அந்தத் தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் நல்ல பசளை. பச்சையாகச் சாப்பிடும் வல்லாரைப் பாத்திக்கு மட்டும் விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன செலவாகும்?

குஞ்சுக்குத்தான் மீனும் புழுவும் கூட வேண்டும். வளர வளர அது கீரை தின்னும் பிராணியாகிவிடும், உங்கள் செலவும் இறங்கும். பொன்னாங்காணி, கங்குன், முருங்கை இலை எல்லாம் வேலியிலும் வாய்க்கால் கரையிலும் கிடைப்பவை. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை குளத்து மீன் துண்டு, முள்ளோடு. மண்புழுவும் கொடுக்கலாம். கடையில் விற்கும் ஆமைத் தீனி கைக்கு இருக்கட்டும். அதையே மூன்று வேளையும் போட்டால் காசும் கரையும், ஆமையும் கொழுக்கும். குஞ்சுக்கு தினமும், வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு முறையும் அதன் தலை அளவு தீனி, கீரை வேண்டிய மட்டும். சோறு, பாண், பால், கருவாடு ஆகாது. இந்த ஆமை தண்ணீருக்குள் வைத்துத்தான் விழுங்கும், தரையில் போட்டுவிட்டு "சாப்பிடவில்லை" என்று கவலைப்படாதீர்கள்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கடையில் கட்டி விற்கிறார்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் நடந்தால் வெள்ளையாக, படகு வடிவில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும். இரண்டை எடுத்து வந்து, உப்புப் போக இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, வெயிலில் காயவைத்து, தொட்டியில் மிதக்க விடுங்கள். ஆமை தனக்கு வேண்டியபோது கொறிக்கும். நகத்தால் கீறினாலே மாவாக உதிர்கிற மென்மையான பக்கத்தைத்தான் அது முதலில் தேடும்.

மாரி காலத்தில் கவனிக்க வேண்டியது?

தொட்டி நிரம்பி வழிவதுதான். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிடும், ஆமை நீந்தி வெளியேறிவிடும். விளிம்புக்கு அரை அடி கீழே வலை அடித்த வழிவுத் துளை ஒன்று வையுங்கள். வெள்ளம் வரும் தாழ்நிலம் என்றால் எச்சரிக்கை வந்தவுடன் ஆமையை மூடியுள்ள பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். வாடைக்காற்றில் வெயில் இல்லாத நாள்களில் தீனி குறைந்தால் பயப்பட வேண்டாம்.

நோய் வந்தால் யாரிடம் காட்டுவது?

பிரதேசக் கால்நடை வைத்திய அலுவலகத்தில்தான் தொடங்க வேண்டும். அங்குள்ளவர்களின் நாள் முழுவதும் மாட்டிலும் ஆட்டிலும் போகிறது. ஆமையைக் கொண்டு போனால் சிரிக்கவும் கூடும். ஆனாலும் மருந்தளவு கணக்கிட அவர்களுக்குத் தெரியும், தேவையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கு வைத்தியசாலைக்குக் கடிதமும் தருவார்கள். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுதல், வீங்கிய கண், ஓட்டில் நாற்றம், இரண்டு கிழமையாகத் தீனி தொடாமை ஆகியவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். ஓட்டின் மேல் மெல்லிய தகடாக உரிவது நோயல்ல, வளர்ச்சி.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆபத்தா?

ஆமையின் உடம்பில், மனிதருக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம், ஆனால் ஆமைக்கு எந்த அறிகுறியும் தெரியாது. பிள்ளைகள் வாயில் வைக்கும் அளவு சின்ன ஆமைகளை, நாலு அங்குலத்துக்குக் குறைந்தவற்றை, விற்க 1975 இலேயே அமெரிக்கா தடை போட்டதற்கு இதுதான் காரணம். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையும் கர்ப்பிணியும் தொடாமல் இருப்பது நல்லது. தொட்டிச் சாமானைக் கிணற்றடியில் கழுவ வேண்டாம். வழிந்த தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் போகிற கட்டுகள் நம் ஊரில் நிறைய.

ஒரே ஒரு ஆமைதான். எப்படி முட்டை இட்டது?

பெண் ஆமை சோடி இல்லாமலும் முட்டை இடும். இட இடமில்லாவிட்டால் முட்டை உள்ளே தங்கி உயிருக்கே ஆபத்தாகும். தொட்டிக்குப் பக்கத்தில் முழங்கை ஆழத்துக்கு ஈர மணல் போட்ட இடம் கொடுங்கள். சோடி இருந்து இட்ட முட்டையைப் பொரிக்க விடாமல் அவித்து அழித்துவிடுங்கள். இருபது குஞ்சுக்கு வீடு தேடுவது உங்களால் ஆகாது.

இனிமேல் வைத்திருக்க முடியாத நிலை. இரணைமடுக் குளத்திலோ முத்தையன்கட்டுக் குளத்திலோ விட்டுவிடலாமா?

வேண்டாம். செங்காது ஆமை எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும், எதையும் தின்னும். மீன்குஞ்சு, பாசி, தவளை எல்லாம் அதற்குத் தீனி. வெயில் காயும் கட்டையையும் கல்லையும் நம் ஊர் ஆமைகளிடமிருந்து பிடித்துக்கொள்ளும். வெளியூர் நோய்களையும் கொண்டு போகும். அதனால்தான் உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அது இருக்கிறது; ஐரோப்பிய ஒன்றியம் 2016 இல் அதன் விற்பனையையும் இனப்பெருக்கத்தையும் தடைசெய்தது. இரணைமடுவில் விட்ட ஆமை இரணைமடுவோடு நிற்காது. வாய்க்கால் வழியே வயலுக்கும், வயலில் இருந்து அடுத்த குளத்துக்கும் போகும்.

வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் தொட்டியோடும் தீனியோடும் சேர்த்து இலவசமாகத் தருவதாக அயலில் சொல்லிப் பாருங்கள். தொட்டியோடு கொடுத்தால் ஆள் கிடைக்கும். யாரும் வராவிட்டால் வனசீவராசிகள் அலுவலகத்துக்கு நேரில் போய் ஒப்படைப்பது பற்றிக் கேளுங்கள். பதில் வரும்வரை தண்ணீர் மாற்றுவதை நிறுத்த வேண்டாம்.